ஸ்டோருக்குப் பின்னால் ஓடிய கால்வாய்

எங்கள் தோட்டத்து ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடியது. ரப்பர்ப் பாலில் அமிலம் ஊற்றி உறைய வைத்து, உறைந்ததை இயந்திரத்தில் கொடுத்துத் தகடாக உருட்டும்போது பிரிந்து வரும் வெளிறிய மஞ்சள் தண்ணீர்தான் அதில் ஓடும். புளித்த வாடை அடிக்கும். வெயில் ஏற ஏற அந்த வாடை லயத்து வீடுகள் வரைக்கும் வந்துவிடும். செமோர் பட்டணத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. அந்தப் பக்கம் விளையாடப் போகக்கூடாது என்று அம்மா அதட்டுவார். சகதியில் வழுக்கி விழுவோம் என்பதுதான் அவருடைய பயம்.

அந்தத் தண்ணீரில் என்ன ஓடியது என்பதை நான் விளங்கிக்கொண்டபோது எனக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

செமோர், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு வடக்கே, சுங்கை சிப்புட்டுக்குப் போகும் பழைய சாலையில் இருக்கிறது. ஒரு பக்கம் கந்தான் சுண்ணாம்பு மலை, அதை வெட்டி எடுத்துச் சிமெண்ட் செய்யும் ஆலை. சுற்றிலும் அந்தக் காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள். அதே சாலையில் இன்னும் மேலே போனால் கோலகங்சார். பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ 1877இல் அங்கேதான் ரப்பர்க் கன்றுகளை நட்டார். அன்று நட்டவற்றில் ஒரு மரம் இன்னும் வேலி போட்டுப் பாதுகாக்கப்பட்டு நிற்கிறது. பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில் எங்களை அழைத்துப் போய்க் காட்டினார்கள். என் தாத்தாவைக் கப்பலேற்றி இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தது அந்த மரத்தின் வம்சம்தான்.

அம்மா பால்மரம் வெட்டியவர். இருட்டில் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக்குப் போய், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் உளி பிடித்து, வெயில் ஏறியதும் மங்கு மங்காகப் பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பில் தோள் அழுந்தத் தூக்கி வருவார். கையில் காய்ந்த பால் தோலோடு தோலாக ஒட்டிக்கிடக்கும். மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து அதை இழை இழையாக உரித்தெடுப்பார். எனக்கும் உரிக்கக் கொடுப்பார். ரப்பர்ப் பாலைத் தொட்டதால் அம்மாவுக்கு ஒருநாளும் அரிப்போ தும்மலோ வந்து நான் பார்த்ததில்லை.

அப்பாவுக்கு இழுப்பு. புகைக்கூடத்தில் வேலை. தகடுகளை மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு, கீழே விறகு எரித்து, நாள் கணக்கில் புகையில் காய வைப்பார்கள். புகையால் இழுப்பு வந்ததா, இழுப்பு இருந்தவர் புகைக்குள் போனாரா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. பனி இறங்கும் இரவுகளில் தலையணையை மடியில் வைத்து, முன்னால் குனிந்து உட்கார்ந்து, விடியும்வரை மூச்சுக்குப் போராடுவார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் மேலே ஏறி இறங்கும். தோட்டத்து மருந்தக டிரசரை எழுப்பிவந்தால் ஓர் ஊசி போடுவார். அதற்கும் அடங்கவில்லை என்றால் தோட்டத்து லாரியில் ஈப்போ பெரியாஸ்பத்திரி. சுவாசக் குழாய்க்குள் நேராகப் போய் வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு உறிஞ்சு மருந்து இங்கிலாந்தில் 1972இல் விற்பனைக்கு வந்தது. அப்பா இருந்தவரை அது எங்கள் தோட்டத்து மருந்தகத்தை எட்டிப் பார்க்கவில்லை. நான் தாதியாக வேண்டும் என்று நினைத்தது அந்த இரவுகளில்தான்.

1980களின் தொடக்கத்தில் பயிற்சி முடித்து, சில ஆண்டுகளில் ஆபரேஷன் தியேட்டருக்குப் போனேன். இன்றைய தாதிகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள்: அப்போது கையுறைகளைத் துவைத்துப் பயன்படுத்துவோம். ஆபரேஷன் முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் அலசி, காற்று ஊதி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, காய வைத்து, உள்ளும் புறமும் மாவு தூவி, ஜோடி சேர்த்து மடித்து, மீண்டும் கிருமி நீக்கத்துக்கு அனுப்புவோம். எங்கள் மேலங்கி, முகத்திரை, கண் இமை எல்லாவற்றிலும் அந்தச் சோளமாவு படிந்திருக்கும்.

பிறகு எய்ட்ஸ் வந்தது. எந்த நோயாளியின் ரத்தத்தையும் கிருமி இருப்பதாகவே கருதிக் கையாள வேண்டும் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 1987இல் விதி வகுத்தது. உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகள் ஒரு தடவை போட்டுக் கழற்றி எறியும் கையுறைக்கு மாறின. மலேசியாவில் கையுறைத் தொழிற்சாலைகள் மளமளவென்று எழும்பின. எங்கள் பேராக்கிலும் ஈப்போ, தைப்பிங் பக்கம் வந்தன. தோட்டத்தில் வேலை குறைந்த குடும்பங்களின் பிள்ளைகள் பஸ் ஏறி அங்கே வேலைக்குப் போனார்கள். தகப்பன் வெட்டிய பாலை மகள் கையுறையாக முக்கி எடுத்தாள். அதை நான் ஆஸ்பத்திரியில் பெட்டி பெட்டியாகப் பிரித்தேன். இதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. இன்றும் இருக்கிறது.

முதலில் விரல் இடுக்கில் அரிப்பு. பிறகு கையுறை போட்ட சிறிது நேரத்தில் புறங்கை தடித்துச் சிவந்து, கழற்றினால் தானாக அடங்கியது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள்; சோப்பை மாற்றினேன். வேர்வை என்றார்கள், மாவை இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் போட்டேன். அரிப்பு கூடியது. அப்புறம் தியேட்டருக்குள் நுழைந்தாலே தும்மல், கண்ணில் நீர். வீட்டுக்கு வந்தால் சரியாகிவிடும். விடுமுறையில் தோட்டத்துக்குப் போனால் ஒன்றுமே இருக்காது. அப்போது எனக்கு மேலே இருந்த ஒருவர், வேலைக்குச் சோம்பி நடிக்கிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். ஒருநாள் ஆபரேஷனின் நடுவில், கையுறைகள் அடுத்தடுத்துப் பிரிக்கப்பட்டு மாவு பறந்துகொண்டிருந்த வேளையில், என் நெஞ்சு இறுகி, அப்பாவின் மூச்சில் கேட்ட அதே விசில் சத்தம் என் மூச்சில் கேட்டது. தோள் ஏறி இறங்கியது. அதற்கு முன் எனக்கு இழுப்பு வந்ததே இல்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சைக்கான ரப்பர் கையுறை ஒரு தாதியின் கைக்காகவே செய்யப்பட்டது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலின் ஹாம்ப்டன் என்ற தியேட்டர் தாதிக்குக் கிருமிநாசினித் திரவம் பட்டுக் கை புண்ணாகியது. அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், 1890ஐ ஒட்டிய காலத்தில், குட்இயர் நிறுவனத்திடம் சொல்லி அவருக்காக மெல்லிய ரப்பர் கையுறை செய்து தரச் சொன்னார். பிறகு அந்தத் தாதியையே மணந்துகொண்டார். ஒரு தாதியின் கையைக் காப்பாற்றப் பிறந்த பொருள், 100 ஆண்டு கழித்து எத்தனையோ தாதிகளின் கையையும் நெஞ்சையும் வதைத்தது. அவர்களில் நானும் ஒருத்தி.

1979இல் இங்கிலாந்தில் நட்டர் என்ற மருத்துவர், ரப்பர் கையுறை பட்டவுடன் தடிப்பு எழுந்த ஒரு பெண்ணைப் பற்றித் தோல் மருத்துவ இதழில் எழுதியிருந்தார். அப்போது அது ஓர் அரிய செய்தி. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. எக்ஸ்ரே பரிசோதனைக்காகக் குடலுக்குள் செலுத்தும் குழாயின் ரப்பர் பட்டு அமெரிக்காவில் சில நோயாளிகள் இறந்துபோனார்கள். 1991இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் மருத்துவர்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. முதுகுத்தண்டு முழுதாக மூடாமல் பிறந்து, பிறந்த நாள் தொட்டு அறுவை மேல் அறுவைக்கும் ரப்பர்க் குழாய்களுக்கும் ஆளாகும் ஸ்பைனா பைஃபிடா குழந்தைகளிடம் இந்த ஒவ்வாமை மிக அதிகமாக இருப்பது தெரியவந்தது.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. 1990களின் நடுவில் கோலாலம்பூரிலிருந்து ஓர் ஆய்வுக் குழு எங்களிடம் வந்தபோது, கையுறையால் அரிப்பு உள்ள தாதிகள் இருந்தால் வரலாம் என்றார்கள். நான் போனேன். என்னோடு வேலை செய்தவர்களில் சிலர் வர மறுத்தார்கள். பெயர் பதிவாகிவிட்டால் வேலை போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன். எங்களில் பலர் ஒரு குடும்பத்துக்கே சம்பாதித்துக்கொண்டிருந்தவர்கள்.

முதலில் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். என்ன செய்யப்போகிறார்கள், என்ன ஆபத்து வரலாம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று அதில் இருந்தது. நோயாளிகளிடம் எத்தனையோ முறை கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அன்றுதான் நான் அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். முன்னங்கையின் உள்பக்கத்தில் பேனாவால் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டு வைத்தார்கள். ஒன்று வெறும் உப்புத் தண்ணீர். அது தடிக்கக்கூடாது. ஒன்று ஹிஸ்டமின். அது கட்டாயம் தடிக்க வேண்டும். இரண்டும் சரியாக நடந்தால்தான் மற்றச் சொட்டுகளின் பதிலை நம்பலாம். மற்றவை வீட்டுத் தூசியில் வாழும் உண்ணி, கரப்பான் பூச்சி, கடைசியாக ரப்பர்ப் பாலின் சாறு. சொட்டின் வழியே மெல்லிய ஊசி முனையால் தோலைத் தொட்டார்கள். ரத்தம் வரவில்லை. பக்கத்தில் அட்ரினலின் ஊசி தயாராக இருந்தது. ரப்பர்ச் சாற்றால் உடம்பு முழுக்க எதிர்வினை வந்தாலும் வரும் என்பதால், ஒரு மருத்துவர் என்னைவிட்டு நகராமல் நின்றார்.

கால் மணி நேரம். உப்புத் தண்ணீர் பட்ட இடம் அப்படியே இருந்தது. ஹிஸ்டமின் கொசுக்கடி போலத் தடித்தது. ரப்பர்ப் பால் பட்ட இடம் அதைவிடப் பெரிதாக, ஓரம் வளைந்து நெளிந்து, சுற்றிலும் சிவந்து எழும்பியது. மருத்துவர் அளவுகோல் வைத்து அளந்து எழுதினார். நான் அழுதேன். நோய் உறுதியானதற்காக அல்ல. நான் நடிக்கவில்லை என்பதற்கு என் கையிலேயே சாட்சி எழுந்து நின்றதற்காக.

அன்று அந்த மருத்துவர் நிதானமாக உட்கார்ந்து விளக்கினார். நம் ரத்தத்தில் இம்யூனோகுளோபுலின் ஈ, சுருக்கமாக ஐ.ஜி.ஈ, என்ற எதிர்ப்பொருள் மிக மிகக் குறைந்த அளவில் இருக்கிறது. ஜப்பானியத் தம்பதி இஷிசாகாக்களும் சுவீடன் ஆய்வாளர்களும் 1960களின் பிற்பாதியில் தனித்தனியே அதைக் கண்டுபிடித்தார்கள். குடற்புழுக்கள் போன்றவற்றை எதிர்க்க உதவும் அந்த எதிர்ப்பொருள், சிலருடைய உடம்பில், தீங்கில்லாத ஒரு புரதத்தைப் பகையாக நினைத்துக் குறித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அதே புரதம் வந்ததும், தோலிலும் சுவாசக் குழாயிலும் காத்திருக்கும் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டிவிடுகின்றன. என் உடம்பு குறித்து வைத்துக்கொண்டது ரப்பர் மரத்தின் புரதத்தை. மாவு தன்னளவில் குற்றவாளி இல்லை. ஆனால் கையுறையிலிருந்து கசியும் புரதம் மாவில் ஒட்டிக்கொள்கிறது. கையுறையைக் கழற்றும்போது மாவு காற்றில் பறக்கிறது. மூடிய குளிர்சாதன அறையில் எல்லோரும் அதைச் சுவாசிக்கிறார்கள். கையுறை போடாமலே எனக்குத் தும்மல் வந்ததன் காரணம் அதுதான்.

"வாழைப்பழம் சாப்பிட்டால் வாய் அரிக்குதா?" என்று கேட்டார். திடுக்கிட்டுப் போனேன். சில காலமாக எனக்கு உதடு அரித்துக்கொண்டிருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. ரப்பர் மரம் காயம்பட்டால் பூஞ்சை தொற்றாமல் காத்துக்கொள்ளப் பாலில் ஹெவின் என்ற சிறு புரதத்தை வைத்திருக்கிறது. வாழை, அவகாடோ, கிவி போன்ற பழங்களிலும் அதன் சாயலில் புரதங்கள் உண்டு. ஒன்றைப் பகையாகக் கொண்ட உடம்பு மற்றவற்றையும் பகைக்கலாம். மரம் தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருந்த ஒன்றின்மேல், என்னைக் காக்க வேண்டிய ஒன்று போர் தொடுத்திருந்தது.

அந்த வார இறுதியில் செமோருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எத்தனை வருஷம் அந்தப் பால்ல கையை விட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகல. கையுறை போட்ட உனக்கு வந்துச்சா? டாக்டர் சும்மா சொல்றாரு, கண்ணு."

"எல்லா உடம்புக்கும் வராதும்மா. நீங்க வெட்டவெளியில வேலை செஞ்சீங்க. நான் அடைச்ச ரூம்ல அந்த மாவை மூச்சோட இழுத்தேன்."

"அப்படின்னா டயர்லயும் வருமா? நம்ம செருப்புலயும் வருமா?"

அம்மா பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் அந்தக் கேள்வி ஆய்வாளர்கள் கேட்ட அதே கேள்வி. என்னால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த பரிசோதனைக்குப் போனபோது மருத்துவரிடம் கேட்டேன். டயர், செருப்பு போன்றவற்றால் இந்த ஒவ்வாமை மிக அரிது என்றார். அவை உறைய வைத்த ரப்பரில் செய்பவை. பாலில் அமிலம் ஊற்றி உறைய வைக்கும்போது ரப்பர் தனியாகத் திரள்கிறது. கரையக்கூடிய புரதத்தில் பெரும்பகுதி தண்ணீரோடு பிரிந்து போகிறது. உருட்டும்போதும் கழுவும்போதும் மிச்சமும் போகிறது. கையுறையோ திரவப் பாலிலிருந்து நேராகச் செய்வது. பாலில் அம்மோனியா சேர்த்துக் கெடாமல் வைத்து, இயந்திரத்தில் சுழற்றிக் கெட்டியாக்கி, அதில் பீங்கான் கை அச்சை முக்கி எடுத்துச் சூட்டில் காய வைக்கிறார்கள். நன்றாகக் கழுவாவிட்டால் புரதம் கையுறையிலேயே தங்கிவிடும். எய்ட்ஸ் காலத்தில் உலகம் அவசரப்பட்டு வாங்கியது. புதிய ஆலைகள் அவசரப்பட்டுச் செய்தன. கழுவும் நேரம் சுருங்கியது.

எனக்கு ஸ்டோருக்குப் பின்னால் ஓடிய கால்வாய் நினைவுக்கு வந்தது. அந்தப் புளித்த மஞ்சள் தண்ணீரில் ஓடிப்போனது இந்தப் புரதம்தான். எங்கள் தோட்டம் தினமும் கழுவிக் கால்வாயில் விட்டதை, கையுறை கழுவாமல் உலகம் முழுக்கக் கொண்டுபோயிருந்தது. தீர்வு புதிய மருந்தில் இல்லை, தண்ணீரில் இருந்தது.

இப்படிச் சொன்னால் எளிதாகத் தோன்றும். அந்த எளிய முடிவுக்கு வந்து சேர எவ்வளவு உழைப்பு வேண்டியிருந்தது என்பதை எங்கள் மக்கள் அறிந்துகொள்ள வேண்டும். ரப்பர் இந்த நாட்டின் சோறு. "மலேசியக் கையுறை ஆளைக் கொல்கிறது" என்று வெளிநாட்டில் பேச்சு வந்தபோது, இல்லை என்று மறுத்துவிட்டுப் போயிருக்கலாம். 1925இல் தொடங்கி, பால் விளைச்சலைப் பெருக்குவதை முக்கிய வேலையாகக் கொண்டிருந்த மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அப்படிச் செய்யவில்லை. எந்தப் புரதம், எவ்வளவு, யாருக்கு என்று அளக்கத் தொடங்கியது. யியாங் ஹூங் இயட் என்ற அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் நோயாளிகளின் ரத்தத்தில் உள்ள ஐ.ஜி.ஈயைக் கொண்டே பாலின் புரதங்களை ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். ரப்பர்த் துகளின் மேல் ஒட்டியிருக்கும் இரண்டு புரதங்கள் ஸ்பைனா பைஃபிடா நோயாளிகளைத் தாக்குகின்றன என்று 1996இல் அமெரிக்க ஒவ்வாமை இதழில் எழுதினார்கள். தாதிகளுக்கு வருவது பெரும்பாலும் வேறு புரதங்களால், முக்கியமாக ஹெவினால். பல நாடுகளின் உழைப்பில் இன்று ரப்பர்ப் பாலின் 15 ஒவ்வாமைப் புரதங்கள் உலகப் பட்டியலில் பதிவாகியிருக்கின்றன. அந்த மலேசிய ஆய்வுக் கட்டுரைகளின் ஆசிரியர் வரிசையில் சுந்தரேசன் என்ற பெயரைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது? நம் பெரியவர்கள் மரத்தை வெட்டிப் பால் எடுத்தார்கள்; நம் பெயர் உள்ள ஒருவர் அந்தப் பாலுக்குள் இருப்பதைப் பிரித்துப் படித்தார்.

ஆய்வு என்றால் கண்ணாடிக் குடுவையும் வெள்ளை அங்கியும்தான் நினைவுக்கு வரும். அந்தக் குடுவையில் இருந்தது ஆட்களின் ரத்தம். எங்கோ ஒரு நாட்டில் பதினைந்து அறுவை கண்ட ஒரு குழந்தையின் ரத்தம், வேலையை இழந்த ஒரு தாதியின் ரத்தம். அவர்கள் கை நீட்டிக் கொடுத்திருக்காவிட்டால் எந்தப் புரதத்துக்கும் பெயர் வந்திருக்காது. மருத்துவ ஆய்வைப் பற்றி எனக்குள்ள மரியாதை முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

பலன் வந்தது. 1998இல் மலேசியா தரமான கையுறைகளுக்கென ஒரு சான்றிதழ்த் திட்டத்தைத் தொடங்கியது. புரதம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு வரம்பு வந்தது. கையுறைகளைச் சுடுநீரில் கூடுதல் நேரம் அலசினார்கள். மாவுக்குப் பதிலாக குளோரின் கலந்த நீரில் கழுவி வழுவழுப்பாக்கும் முறை பரவியது. ரப்பர்ப் பால் உள்ள மருத்துவப் பொருளில் அதைக் கட்டாயம் எழுத வேண்டும் என்று அமெரிக்கா 1998 முதல் விதித்தது. ஜெர்மனியில் மாவு தூவிய ரப்பர் கையுறையை மருத்துவமனைகளிலிருந்து விலக்கினார்கள். சில ஆண்டுகளுக்குள் தொழிலால் வரும் ரப்பர் ஒவ்வாமைப் புகார்கள் அங்கே மிகப் பெரிய அளவில் குறைந்தன. 2017 ஜனவரியில் அமெரிக்கா மாவு கையுறைகளையே தடைசெய்தது. நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறைகளும் பெருகின. இன்று புதிதாக வேலைக்கு வரும் தாதிகளிடம் என் நோயைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. ஒரு நோயை மாத்திரை கொடுக்காமல், அது உண்டாகும் வழியை அடைத்தே இவ்வளவு குறைத்த கதைகள் ஒவ்வாமை மருத்துவத்தில் அதிகம் இல்லை.

நான் தியேட்டரைவிட்டு வெளிநோயாளர் பிரிவுக்கு மாற்றப்பட்டேன். மூச்சு சரியானது. சில ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் ஆஸ்துமா மருந்தாய்வில் ஆய்வுத் தாதியாகச் சேர்ந்தேன். ஈப்போ சுற்றுவட்டாரத்து நோயாளிகளைப் பார்ப்பது, தாள்களை விளக்குவது, மூச்சின் வேகத்தை அளக்கும் குழாயை ஊதச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. எங்கள் பக்கத்துத் தோட்டங்கள் அதற்குள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயத்தில் என்னோடு வளர்ந்தவர்களின் பிள்ளைகள் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காட்டுத்தீப் புகைமூட்டம் நாட்டைச் சூழ்ந்த 1997ஐப் பற்றி ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருந்தது.

"எங்கள எலி மாதிரி வெச்சு சோதிக்கப் போறீங்களா மிஸி?" என்று கேட்காத குடும்பம் இல்லை. நான் சிரித்து மழுப்பியதில்லை. உட்கார வைத்து, தாளைத் தமிழில் வரி வரியாகச் சொன்னேன். குலுக்கல் முறையில் ஒரு பாதிக்குப் புது மருந்தும் மறு பாதிக்கு மருந்தில்லாத குப்பியும் போகும். யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது என்றேன். ஓர் அம்மாள் கேட்டார்:

"எனக்கு வெறும் காத்து விழுந்துச்சுன்னா, நான் ராத்திரி இழுத்துக்கிட்டுக் கெடக்கணுமா?"

என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே நல்ல கேள்வி அது. இல்லை, நீங்கள் இப்போது எடுக்கும் மருந்து நிற்காது, அதற்கு மேல்தான் இது. அவசரத்துக்குப் பம்ப் கையில் இருக்கும். முடியவில்லை என்றால் காரணம் சொல்லாமலே விலகலாம் என்றேன். அவர் உடனே கையெழுத்துப் போடவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய், மகனை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, ஒரு வாரம் கழித்து வந்து போட்டார். அப்படிப்பட்ட கையெழுத்துதான் கையெழுத்து.

அந்த வேலையில் நான் கற்றதில் ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் ஆஸ்துமா என்றால் நீலப் பம்ப்தான். மூச்சு இறுகினால் அடிப்பது, சரியானால் மறந்துவிடுவது. அது இறுகிய குழாயைத் தளர்த்தும். உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது. 2018இல் சிக்மா என்ற பெயரில் ஆயிரக்கணக்கான லேசான ஆஸ்துமா நோயாளிகளிடம் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் வெளியாயின. அவற்றில் ஒன்றில், நீலப் பம்பை மட்டும் நம்பியிருந்தவர்களைவிட, தேவைப்படும்போது ஸ்டீராய்டும் சேர்ந்த பம்பை எடுத்தவர்களுக்குக் கடும் இழுப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு குறைந்தது. அடுத்த ஆண்டே உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜீனா, பெரியவர்களுக்கும் பதின்வயதினருக்கும் நீலப் பம்பை மட்டும் கொடுப்பதைப் பரிந்துரைக்க மாட்டோம் என்று அறிவித்தது. ஐம்பது ஆண்டுப் பழக்கத்தை மாற்றியது பெரிய பேராசிரியர் ஒருவரின் கருத்து அல்ல, தினமும் ஊதி, எழுதி, திரும்பி வந்த நோயாளிகளின் கணக்குப் புத்தகம். அப்பாவுக்கு இது தெரிந்திருந்தால் என்று நினைக்காமல் என்னால் அந்த அறிக்கையை வாசிக்க முடியவில்லை.

அம்மா இப்போது இல்லை. கடைசிவரை அவருக்கு ரப்பரின்மேல் பழி போடுவது பிடிக்கவில்லை. "கழுவாத குறை மனுஷனோடது. மரம் என்ன செய்யும்?" என்பார். நான் அதை ஒப்புக்கொள்கிறேன்.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பலூன் ஊதினால் உதடு வீங்குகிறதா, ரப்பர் கையுறை போட்டால் கை தடிக்கிறதா, வாழைப்பழமோ அவகாடோவோ சாப்பிட்டால் வாய் அரிக்கிறதா, குழந்தைப் பருவத்தில் பல அறுவைகள் நடந்திருக்கின்றனவா? அப்படியானால் எந்த அறுவைக்கும், பல் சிகிச்சைக்கும், பிரசவத்துக்கும் முன்னால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். சொன்னால், ரப்பர்ப் பால் கலக்காத பொருள்களைக் கொண்டு, முடிந்தால் அன்றைய முதல் ஆளாக உங்களை எடுத்துக்கொள்வார்கள். தாதி கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம். வீட்டில் யாருக்காவது இழுப்பு இருந்து நீலப் பம்ப் ஒன்றுதான் கையில் இருந்தால், அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அழற்சியை அடக்கும் மருந்தைப் பற்றிக் கேளுங்கள். ஆய்வில் சேரச் சொல்லி யாராவது தாள் நீட்டினால், பயந்து ஓடவும் வேண்டாம், வாசிக்காமல் கையெழுத்துப் போடவும் வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோங்கள், தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.